பேர் எழுதாத இருக்கை

எனக்கு உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் கிடையாது. நடந்துகொண்டேதான் யோசிப்பேன். மும்பையில், செம்பூரில், எங்கள் வீட்டு ஹால் அதற்குப் போதாது. கொஞ்சம் வேகமாக நடந்தால் சுவர் வந்துவிடும், திரும்ப வேண்டும். என் மனைவிக்கு ஏழாம் மாதம் முடிந்த சமயம், அப்படித் திரும்பித் திரும்பி நடந்துகொண்டே, "பிள்ளைக்கு ஒரு கார் சீட் வாங்கணும்" என்றேன்.

தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "மொதல்ல பொறக்கட்டும்" என்றாள்.

"பொறந்தப்புறம் வாங்கினா, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு எதுல வாரது?"

"எதுல வருவாங்க? என் மடியிலதான்."

மடி என்ற சொல் எனக்கு ஆகாது. தாய்மடி என்று ஊரே உருகுகிற சொல்தான். ஆனால் நான் பார்க்கிற வேலை அப்படி. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். எங்கேயாவது ஒரு வண்டி மோதி நொறுங்கினால், கராஜுக்குப் போய் அதைச் சுற்றி வந்து, எது எவ்வளவு போயிற்று என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. வெளியே நசுங்கியதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. உள்ளே கிடக்கும் சாமான்கள்தான் இன்னும் பழகவில்லை. ஒற்றைச் செருப்பு, பால் புட்டி, பாதி தின்ற பிஸ்கட். முன் கண்ணாடியில் உள்பக்கத்திலிருந்து விழுந்த விரிசலைப் பார்த்தால், எந்த உயரத்தில் எது போய் மோதியது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் கராஜ்காரர்கள் என் முகத்தைப் பார்க்காமல், "பச்சா கோத் மே தா, சாப்" என்பார்கள். குழந்தை மடியில் இருந்தது என்று அர்த்தம்.

அவள் "பொறக்கட்டும்" என்றதற்கும் காரணம் இருந்தது. எங்கள் ஆட்களிடம் பிள்ளை பிறக்கும் முன்னால் சாமான் சேர்க்கிற வழக்கம் இல்லை. பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைப்பார்கள், அவ்வளவுதான். புதுச்சட்டை ஒன்றுகூட எடுக்க மாட்டார்கள். நாங்கள் இருவரும் தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள். இது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் மூன்று வருஷத்துக்கு முன்பு, முதல் பிள்ளைக்கு, அதெல்லாம் அந்தக் காலம் என்று சிரித்துக்கொண்டே மாட்டுங்காவில் ஒரு மரத்தொட்டில் வாங்கி வந்து ஹாலில் பூட்டி நிறுத்தினோம். ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. தொட்டில் தங்கிவிட்டது. ஒரு நாள் அதைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். தொட்டிலுக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள்.

அதனால்தான் இந்த முறை அவள் "பொறக்கட்டும்" என்றபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்னதையே சொல்லிச் சொல்லி நாலைந்து நாள் அவளைப் பிடுங்கி எடுத்தேன். சாப்பிடும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது பின்னாலேயே போய்ச் சொன்னேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குரல் உயர்ந்துவிட்டது.

"தொட்டில் வாங்கினதாலயா அது போச்சு? சொல்லு. நீ ஒரு பேங்க்ல வேலை பாக்குதவ. இதை நம்புதியா?"

"அதனால போகல. அது எனக்கும் தெரியும்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

"பின்ன என்ன?"

"நீங்க அதைக் கழத்தித் தோள்ல தூக்கிட்டுக் கீழ போனியள்லா, நான் தூங்குதேன்னு நெனச்சிக்கிட்டு. நான் தூங்கல. சன்னல்ல நின்னேன். கேட் பக்கத்துல வாட்ச்மேன் என்னமோ கேட்டான். நீங்க பதில் சொல்லாம போனிய. தொட்டில் கால் ஒண்ணு உங்க முதுகுல இடிச்சிக்கிட்டே போச்சு. அதை இன்னொரு மட்டம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வேற ஒண்ணுமில்ல."

அன்று அவள் சன்னலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவளுக்குக் காபி போட்டேன். அதையும் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் அவளே இறங்கி வந்தாள், நிபந்தனைகளோடு. பார்க்கலாம். தேர்ந்தெடுக்கலாம். கடைக்காரரிடம் சொல்லியும் வைக்கலாம். ஆனால் பைசா கொடுக்கக்கூடாது, அட்வான்ஸ் என்ற பேரில்கூட. பேர் எழுதி ஒட்டக்கூடாது. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பேர் எழுதினால் அது நம்முடையதாகிவிடும், நம்முடையது என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்பது அவள் கணக்கு. "யாரு சீட்டோன்னு கடையில கெடக்கட்டும். புள்ள வந்தப்புறம் அது நம்ம சீட்" என்றாள்.

நானும் ஒத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டேன்.

முதலில் செம்பூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடை. ஏசி, மெல்லிய பாட்டு, சுவரெல்லாம் சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தைகள். விற்பனைப் பெண் சின்னவள், நல்ல மரியாதை. "எந்தக் கலர் சார் வேணும்?" என்று இந்தியில் கேட்டாள். கலரா வேணும் எனக்கு? பிறந்த பிள்ளையின் கழுத்து அதன் தலையைத் தாங்காது, அதனால் பின்பக்கம் பார்த்து வைக்கிற இருக்கைதான் வேண்டும், பிரேக் அடித்தால் முதுகு மொத்தமும் சேர்ந்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ரொம்ப நிமிர்ந்தும் இருக்கக்கூடாது, தலை முன்னால் சாய்ந்து மோவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சு திணறும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் வந்து, "பிங்க் கலரும் இருக்கு சார்" என்றார்.

பிங்க்கை விட்டுத்தள்ளுங்கள். உண்மையான தொல்லை என் வண்டி. பழைய சின்ன வண்டி. இந்த இருக்கைகளை வண்டியின் சீட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். பெல்ட் மடிப்பக்கம் ஒரு சுற்று, இருக்கையின் முதுகைச் சுற்றி இன்னொரு சுற்று போய்ப் பூட்ட வேண்டும். என் வண்டியில் பின் சீட் பெல்ட் குட்டை. ஒவ்வொரு இருக்கையாகக் கீழே வண்டிக்குத் தூக்கி வந்து சுற்றிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு ஜாண் குறைந்தது, ஒன்றில் நாலு விரல் குறைந்தது. கலியாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்த பிறகு சோறு தீர்ந்துபோன மாதிரி எனக்கு ஆத்திரம் வந்தது. மாட்டுங்காவில் இரண்டு கடை, சயானில் ஒன்று. எல்லா இடத்திலும் இதே கதை. இன்டர்நெட்டில் வாங்கலாம் என்றால், கட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? இரவும் பகலும் பெல்ட் நீளமே தலைக்குள் ஓடியது. சர்வேக்குப் போன இடத்தில்கூட இடித்த வண்டியின் பெல்ட்டை இழுத்து அளந்துகொண்டிருந்தேன்.

போதாததற்கு, டிக்கியில் ஒரு அரிசிப் பை வைத்திருந்தேன். பொன்னி அரிசி, மூன்று கிலோ, துண்டில் சுற்றிக் கழுத்து மாதிரி ஒரு கட்டுக் கட்டி. இருக்கையில் படுக்கவைத்தால் சரிவு சரியா, வார் தோளில் உட்காருகிறதா என்று பார்ப்பதற்கு. என் மனைவி ஒரு நாள் காய்கறிப் பையை வைக்க டிக்கியைத் திறந்தவள், அதைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு?"

"அரிசி."

"பொங்கவா, வளக்கவா?"

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வண்டியில் கைவைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் அப்படிச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். எனக்கு அந்த அரிசிப் பை மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கடைசியில் இருக்கை கிடைத்தது தாராவி மெயின் ரோட்டில், எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஒரு கடையில். ஸ்கூல் பை, சூட்கேஸ் விற்கிற கடை. இப்போது தள்ளுவண்டி, வாக்கர் என்று குழந்தைச் சாமானும் தொங்கவிட்டிருந்தார் அண்ணாச்சி. நான் கேட்டதும் தாடையைச் சொறிந்தார்.

"நம்மூர்ல எல்லாரும் மடியில ஒக்காந்துதான் வந்தோம். செத்தா போய்ட்டோம் தம்பி?"

"செத்தவன் கடைக்கு வந்து சொல்ல மாட்டான் அண்ணாச்சி" என்றேன்.

அவர் ஒரு நீல இருக்கையை இறக்கிக் கொடுத்தார். பேர் தெரியாத கம்பெனி இல்லை. முறையான முத்திரை எல்லாம் இருந்தது. மற்றவற்றைவிட ஒடுக்கமாக இருந்தது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே கை வைத்திருக்க, அரிசிப் பையைப் படுக்கவைத்து, பெல்ட்டை மடியில் சுற்றி, முதுகைச் சுற்றி, முழங்காலை ஊன்றி அழுத்தி இழுத்தேன். டிக் என்றது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நான் ரோட்டில் நின்றுகொண்டு, "ஆயிட்டு! ஆயிட்டு!" என்று கத்தினேன். அண்ணாச்சி ஏதோ லாட்டரி விழுந்தது என்று நினைத்திருப்பார்.

நிபந்தனைகளைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "இதை நீ சொல்லணுமா? எத்தனை பேருக்கு வச்சிருக்கேன். பணம் எடுக்காத, உள்ள வை. பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். இருக்கையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, கடையின் பரணில் ஏற்றி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். அந்த மாடல் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகும் எனக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாராவி வழியாகப் போனேன். கடைக்குள் எட்டிப் பார்த்து, பரணில் சாக்குக்கு வெளியே பெட்டியின் மூலை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். அண்ணாச்சி கையை உயர்த்திக் காட்டுவார். வீட்டுக்கு வந்ததும் அவள், "இருக்கா?" என்பாள். "எது?" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். எங்களுடையது இல்லாத ஒரு பொருளை நாங்கள் இரண்டு பேரும் அப்படிக் காவல் காத்தோம்.

ஆடி மாதம், அடைமழை. பத்து நாளாக என்னால் கடைப்பக்கம் போக முடியவில்லை. சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. மாட்டுங்காவில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் பெண் பிள்ளை பிறந்தாள். அரிசிப் பையைவிட எடை குறைவு. ஆனால் அழுகை நல்ல கனம். டாக்டர் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். நான் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், உடனே என் கால் வாசலைப் பார்த்துத் திரும்பியது. அவள் கட்டிலில் கிடந்தபடியே, "போங்க, போய் வாங்கிட்டு வாங்க. இனிமே நம்ம சீட்" என்றாள். நெருளிலிருந்து வந்திருந்த என் அக்காவைத் துணைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆனால் ரோடு விடவில்லை. கடைப்பக்கம் முழங்கால் தண்ணீர். வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன். ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அண்ணாச்சியின் போன் அடித்து அடித்து நின்றது. மறுநாளும் அதே மழை, அதே ஷட்டர். அதற்கடுத்த நாள் காலை வானம் வெளுத்தது. அன்று மதியம் எங்களை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். கடை திறக்கிற நேரத்துக்கு நான் வாசலில் நின்றேன்.

திறந்தது அண்ணாச்சி இல்லை, அவர் தம்பி. நான் நேராகப் பரணைப் பார்த்தேன். சாக்கு மட்டும் மடித்து வைத்திருந்தது.

"இங்க ஒரு பெட்டி இருந்துச்சே, நீலச் சீட்?"

"அதுவா? போன வாரமே போயிட்டே" என்றார் அவர்.

"போயிட்டா? அது எனக்கு எடுத்து வச்சது!"

"உங்களுக்கா? பேரு இல்ல, அட்வான்ஸ் இல்ல. எவனோ வேண்டாம்னு போட்டுட்டுப் போன சரக்குன்னுல்லா நெனச்சேன். அண்ணன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்காரு, எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

எனக்கு யார்மேல் பாய்வதென்று தெரியவில்லை. தம்பிமேல் தப்பு இல்லை. அண்ணாச்சிமேல் இல்லை. எங்கள் வழக்கப்படி எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டதில் சீட் போய்விட்டது. கடையில் தொங்கிய பைகளையெல்லாம் பார்த்துக் கத்தினேன். தம்பி பாவம், தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். ஊரிலிருந்த அண்ணாச்சியைப் போனில் பிடித்தார். பின்னால் கொட்டுமேளச் சத்தம். "ஐயோ, புள்ள பொறந்துட்டா? நல்லாருக்கா?" என்று அவர் கத்த, நான் "சீட், சீட்" என்று கத்த, கடைசியில் விஷயம் புரிந்தது. அதே மாடல் கம்பெனி குடோனில் இருக்கிறது, மழையால் வண்டி வரவில்லை, நாளை மதியத்துக்குள் கடையில் இருக்கும் என்றார். எனக்கு இன்று மதியம் வேண்டும்.

வாங்கிப் போனவர் யார் என்று தம்பிக்குத் தெரிந்திருந்தது. டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர், கோவண்டியில் இருக்கிறார், வாடிக்கை. அவர் மனைவிக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதாம். போன் போட்டுக் கொடுத்தார். நான் என் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர், "அதுக்கென்ன அண்ணே, வந்து எடுத்துட்டுப் போங்க. உங்க பிள்ளை வந்திருச்சு, எங்களுக்கு டைம் இருக்கு. நாளைக்கு வர்றதை நான் வாங்கிக்கிறேன்" என்றார். இப்படியும் மனிதர் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். வண்டியை எடுத்தேன்.

மூன்று மாடிக் கட்டடம். மேலே ஏறும்போதே கணக்குப் போட்டேன்: இறக்கி, கட்டி, மாட்டுங்கா போய்ச் சேர எவ்வளவு நேரம். கதவு திறந்திருந்தது. அவர் இளவயது, என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தினார். ஒற்றை அறை. மூலையில், டிவிக்குப் பக்கத்தில், அந்த நீல இருக்கை. பெட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வைத்திருந்தார்கள். அதற்குள் வெள்ளைத் துண்டு ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது.

"பெரியவங்க பொறக்குறதுக்கு முன்ன வாங்காதேன்னு சொன்னாங்க. நாங்கதான் கேக்கல. எங்க அத்தை வந்தப்ப இதைப் போர்வை போட்டு மூடி, மிக்ஸின்னு சொல்லிட்டோம்" என்று அவர் சிரித்தார்.

அவர் மனைவி சமையல் பக்கத்திலிருந்து வந்தாள். நிறைமாதம் நெருங்குகிற வயிறு. என்னைப் பார்த்து, "பொண்ணா அண்ணே? சந்தோஷம்" என்றாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. "அவசரம்னா எடுத்துட்டுப் போங்க, பரவாயில்ல" என்றாள். பிறகு குனிய முடியாமல் குனிந்து, இருக்கைக்குள் இருந்த துண்டை எடுத்தாள். எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வழி விடுவதற்காகச் சன்னல் பக்கம் போய் நின்றாள். இருக்கை காலியாக இருந்தது.

நான் அதன் கைப்பிடியைப் பிடித்தேன். தூக்கியும் விட்டேன். எடை ஒன்றும் பெரிதில்லை. வாசல் இரண்டு எட்டுத்தான். நான் விபத்து வண்டிகளைப் பார்க்கிறவன். சகுனம், ராசி என்று யாராவது சொன்னால் அவர் முகத்துக்கு நேரே சிரிக்கிறவன். மடியில் என் பிள்ளை வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறேன். ஆனாலும் அந்த இருக்கையோடு அந்த வாசலைத் தாண்ட என்னால் முடியவில்லை. அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளைச் சாமானைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்குவதா? ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகாமலே போனாலும், நாளைக்கே வேறு சீட் வந்தாலும், இந்த மிச்ச ஒரு மாதமும் அந்தக் காலி மூலைதான் அவள் கண்ணில் நிற்கும்.

கீழே வைத்தேன். முட்டி போட்டு உட்கார்ந்து, இருக்கையைப் புரட்டி, பெல்ட் போகிற இடத்தை விரலால் அளந்தேன். ரொம்ப நேரம் அளந்தேன்.

"இது அந்த மாடல் இல்லயே. என் வண்டிக்கு ஆகாது" என்றேன்.

"கடைக்காரர் இதுதான்னு..."

"இல்ல தம்பி, பாத்தாலே தெரியுது. பெல்ட் எட்டாது. தப்பா எடுத்துக்காதிய, உங்களுக்கு வீண் சிரமம்." அளந்து சொல்வதே தொழிலாக வைத்திருக்கிற நான், அப்படி ஒரு பச்சைப் பொய்யை அன்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு, அவருக்கு இருக்கையை எப்படிக் கட்ட வேண்டும் என்று கீழே அவருடைய காரில் வைத்துக் காட்டினேன். மூன்று பேருமாக இறங்கிப் போனோம். இருக்கையை அவர்தான் தூக்கி வந்தார், கட்டிப் பார்த்துவிட்டு அவரே மேலே கொண்டுபோனார். அவள் துண்டைப் பிடித்தபடி பின்னாலேயே படியேறினாள்.

மாட்டுங்காவுக்குத் திரும்பும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல். நல்லவன் வேஷம் போட்டாயிற்று. இப்போது உன் பிள்ளை எதில் வரும்? சயான் சிக்னலில் ஒரு லாரி என்னை ஒட்டி உரசிக்கொண்டு போனபோது, காலியாக இருந்த பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அறையில் எல்லாம் மூட்டை கட்டித் தயாராக இருந்தது. அக்கா பிளாஸ்க்கைக் கழுவி வைத்திருந்தாள். அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறார், அறை காலியாக வேண்டும் என்று நர்ஸ் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெறுங்கையோடு நான் நுழைந்ததைப் பார்த்ததும் அக்கா, "கெடைக்கலயா? போகட்டும் விடு. இங்கேருந்து செம்பூர் ஒரு எட்டு. மெதுவா ஓட்டு, அவ மடியில வச்சுக்கிடுவா" என்றாள்.

நான் கட்டில் பக்கம் போனேன். என் மனைவி பிள்ளையை வேட்டித் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். வீட்டுக்குப் போகத் தலை சீவி, பொட்டு வைத்திருந்தாள். மூன்று நாளாக அந்த அறையில் வெந்துபோனவள், எப்போது வெளியே போவோம் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, கொடை, கோவண்டி, துண்டு. பொய் சொன்னதையும் சொன்னேன். நீ என்ன கிறுக்கனா என்று அவள் கேட்டால், ஆமாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு சன்னல்ல நின்னுக்கிட்டா இருந்தா?"

"ஆமா."

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "நீங்க அதைத் தூக்கிட்டு வந்திருந்தா, இவளை அதுல படுக்கவச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

அப்போது நர்ஸ் மூன்றாவது முறையாக வந்து, கிளம்பலாமா என்று கேட்டார். அக்கா பையைத் தூக்கிவிட்டாள்.

"இன்னைக்குப் போகல சிஸ்டர்" என்றாள் என் மனைவி இந்தியில். "நாளைக்குத்தான் எங்க சீட் வருது. அது வந்தப்புறம்தான் என் பிள்ளை வண்டி ஏறுவா. ரூம் இல்லன்னா வராந்தாவுல பெஞ்ச் போதும்."

அதெப்படி, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார் நர்ஸ். நான் வாயைத் திறந்தேன். சண்டை போடுவது என் இலாகாதானே. அவள் என்னைக் கையமர்த்தினாள். பிள்ளையின் தலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, துணியோடு சேர்த்து என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, கழுத்தைப் பிடிங்க. நான் போய்ப் பேசிட்டு வாரேன்."

கட்டிலிலிருந்து ஒவ்வொரு காலாக இறக்கி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி டாக்டர் அறையைப் பார்த்து அவள் நடந்து போனாள்.